அலமாரியில் இருந்த பாதி பாட்டில்

எங்கள் வீட்டு நாயின் பெயர் தேசிங்கு. "செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் குடியிருந்துகொண்டு நாய்க்கு டாமி, ஜிம்மி என்றா பெயர் வைப்பார்கள்?" என்று கேட்டு என் மாமனார் வைத்த பெயர் அது. 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி, 22 வயதில் உயிரை விட்ட ராஜா தேசிங்குக்கும் எங்கள் தேசிங்குக்கும் ஒரு ஒற்றுமையும் கிடையாது. அவர் குதிரையேறிப் பாய்ந்தவர். இவன் பஸ் ஹாரன் கேட்டாலே திண்ணையடியில் போய்ப் படுத்துக்கொள்கிறவன். தாய் எங்கள் தெரு நாய். தகப்பன் எந்த வீட்டு ஜாதி நாயோ தெரியாது. காது மட்டும் இரண்டும் முறம் மாதிரி தொங்கும்.

அந்தத் தொங்கும் காதில் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன். நான் வைத்தியம் படித்தவள் இல்லை. இரண்டு குழந்தைகளுக்குத் தாய், மாமியாரோடு குடும்பம் நடத்துகிறவள், அவ்வளவுதான். நான் செய்த தப்பை இன்னொரு சகோதரி செய்யாமல் இருந்தால் போதும் என்று எழுதுகிறேன்.

மாமா இருந்தவரை தேசிங்கு அவருடைய நாய். விடியற்காலை இருவரும் கோட்டைப் பக்கம் நடக்கப் போவார்கள். ராஜகிரி அடிவாரம் வரை போய், ஒரு பாறை மேல் உட்கார்ந்து, கிருஷ்ணகிரி மேல் சூரியன் ஏறுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நாய்க்கு என்ன ஆகாரம், எப்போது ஊசி, உண்ணி இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் மாமாவின் இலாகா. நான் சோற்றை வைப்பதோடு சரி. நாய் நன்றாக இருக்கிறது என்றால் அதன் பின்னால் ஒருவர் தினமும் ஏதோ செய்துகொண்டிருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. வீட்டு வேலை விஷயத்தில் ஆண்களைப் பார்த்து நாம் சொல்கிற குறைதான் இது. இந்த ஒன்றில் அது எனக்கே பொருந்தியது.

ஆடி மாதத்தில் மாமா திடீரென்று போய்விட்டார். பதினாறு நாள் காரியம் முடிகிறவரை தேசிங்கு திண்ணையை விட்டு நகரவில்லை. அப்புறம் அவனாகவே காலையில் கோட்டைப் பக்கம் போய்விட்டு வர ஆரம்பித்தான். அத்தை வாசலில் நின்று அவன் திரும்பி வருகிறானா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று நான் கேட்டதில்லை.

தை மாதக் கடைசியில் ஒரு ராத்திரி, "பட், பட், பட்" என்று ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் தேசிங்கு தலையை உதறிக்கொண்டிருக்கிறான். தொங்கும் காதுகள் இரண்டு கன்னத்திலும் அறைகிற சத்தம் அது. மறுநாள் பின்னங்காலால் வலது காதைச் சொறிந்தான். சுவரில் தேய்த்தான்.

"வெளியே கிளம்பற நேரத்துல நாய் காதை அடிச்சா ஆவாதும்மா. கொஞ்சம் உட்கார்ந்து தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார்கள் அத்தை. நானும் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கடைக்குப் போனேன். எங்களுக்குச் சகுனம்தான் பெரிதாகப் பட்டதே தவிர, அதற்கு வலிக்குமே என்று தோன்றவில்லை.

நாலாவது நாள் காதிலிருந்து ஒரு வாடை. புளித்த மாவும் அழுக்குத் துணியும் சேர்ந்த மாதிரி. உள்ளே காப்பித்தூள் நிறத்தில் அழுக்கு. அத்தை அடுப்படிக்குப் போய்த் தேங்காய் எண்ணெயில் இரண்டு பல் பூண்டைப் போட்டுக் காய்ச்சினார்கள். "உன் வீட்டுக்காரனுக்குச் சின்ன வயசுல காது வலின்னா இதைத்தான் வுட்டேன். ஒண்ணும் ஆவாது, கண்ணு" என்றார்கள். வெதுவெதுப்பு என்று அவர்கள் நினைத்த சூடு அதற்கு எவ்வளவு இருந்ததோ, தேசிங்கு வீல் என்று கத்திவிட்டுக் கொல்லைக்கு ஓடினான். இரண்டு நாள் யார் கையிலும் சிக்கவில்லை.

எனக்கு அத்தை மேல் கோபம். 'இந்தக் காலத்தில் போய் இப்படியா?' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டு நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

முந்தின வருஷம் என் பெரியவனுக்குக் காதில் சீழ் வந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து பாதி பாட்டில் அலமாரியில் இருந்தது. மருந்து வீணாகக் கூடாது என்று எடுத்து வைக்கிற புத்தி நமக்கெல்லாம் உண்டே. 'குழந்தைக்கே போட்ட மருந்து, நாய்க்கு என்ன செய்துவிடும்?' என்று, தேசிங்கு தூங்கும் நேரம் பார்த்துக் காதில் நாலு சொட்டு விட்டேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆறு நாள். மேலே தெரிந்த அழுக்கைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் சுத்தமும் செய்தேன். செய்யச் செய்ய அழுக்கு குறைகிற மாதிரி இருந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அது வெளியே வரவில்லை, என் குச்சியால் உள்ளே போய்க்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஏழாவது நாள் என் சின்னவன், நாலு வயசு, வழக்கம்போல் தேசிங்கின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதைப் பிடித்து இழுத்தான். அந்த நாய் அவன் பிறந்ததிலிருந்து அவனைத் தொட்டிலோடு காவல் காத்த நாய். அன்றைக்கு 'வள்' என்று திரும்பி அவன் மணிக்கட்டைக் கவ்வியது. உடனே விட்டுவிட்டது. ரத்தம் வரவில்லை. பல் பட்டு இரண்டு கோடு, தோல் லேசாக உராய்ந்திருந்தது. குழந்தை அழுதான். நாய் மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தைதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய்க் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, தண்ணீர் ஓட ஓடக் கழுவினார்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கவில்லை. "உங்க மாமா சொல்லுவாரு, கால் மணி நேரம் கழுவணும்னு" என்று சொல்லிக்கொண்டே கழுவினார்கள். பூண்டு எண்ணெய் விஷயத்தில் நான் குறை சொன்ன அதே அத்தைதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "நாய்க்கு வருஷா வருஷம் தடுப்பூசி போட்டிருக்கா?" மாமா இருந்தவரை போட்டிருக்கிறது. ஐப்பசியில் போட வேண்டியது விட்டுப்போயிருக்கிறது. யாருக்கும் நினைவில்லை. வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. வராமல் தடுப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. குழந்தைக்கு அன்றைக்கே ஒரு ஊசி. அதிலிருந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நாலு தடவை அந்தச் சின்னக் கையில் ஊசி ஏறியது. ஒவ்வொரு தடவையும் அவன் என்னைத்தான் பார்த்து அழுதான்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "சாயங்காலம் கொண்டுபோய் மேல்மலையனூர் ரோட்டுல விட்டுட்டு வந்துடறேன். குழந்தை இருக்கற வீட்டுல இனிமே இது வேணாம்." அத்தை ஒன்றும் பேசவில்லை. மாமாவின் சாய்வு நாற்காலியைத் துடைத்துக்கொண்டு இருந்தார்கள். எனக்கும் அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பெற்றவள் வேறு எப்படி நினைப்பாள்?

தேசிங்கைக் காப்பாற்றியது ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்த ஒரு வார்த்தைதான். "நாயைத் துரத்தாதீங்க, அடிக்காதீங்க. கட்டிப்போட்டுப் பத்து நாள் கண் பார்வையில வைங்க. பத்து நாள் நல்லா இருந்தா, கடிச்ச அன்னைக்கு அதுக்கு வெறி இல்லைன்னு அர்த்தம்" என்று சொல்லியிருந்தார். ஆகவே பத்து நாள் தவணை கிடைத்தது. அந்தத் தவணையில்தான் அத்தை வாயைத் திறந்தார்கள்: "கடிக்காத நாய் கடிச்சிருக்குதுன்னா அதுக்கு என்னா நோவோ. விடறதுன்னா விடுங்க. முதல்ல டாக்டருகிட்ட காட்டிட்டு விடுங்க."

கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்தவர் சின்ன வயசு டாக்டரம்மா. தேசிங்கை மேஜை மேல் ஏற்றியதும் ஒரு துணி நாடாவால் அதன் வாயைச் சுற்றி முடிச்சுப் போட்டு, காதுக்குப் பின்னால் கட்டச் சொன்னார். "வலியில இருக்கற நாய் சொந்தக்காரங்களையும் கடிக்கும். அது அதோட தப்பு இல்லை" என்றார். அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

மயக்க ஊசி போட்டு, விளக்கு வைத்த குழலால் காதுக்குள் பார்த்தார். நீளமான இடுக்கியை உள்ளே விட்டு மெல்ல இழுத்தார். வந்தது என்ன தெரியுமா? ஒரு ஊசிப்புல் விதை! தை, மாசியில் கோட்டைப் பக்கம் நடந்தால் நம் புடவைக் கரையெல்லாம் குத்திக்கொண்டு வருமே, அதே புல். அதன் முனை ஈட்டி மாதிரி இருக்கும். முன்னால் போகுமே தவிரப் பின்னால் வராது. காதுக்குள் நுழைந்தால் ஒவ்வொரு உதறலுக்கும் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். இரண்டு வாரமாக அந்த ஈட்டியோடு அவன் அலைந்திருக்கிறான். நாங்கள் சகுனம் பார்த்தோம், எண்ணெய் காய்ச்சினோம், குச்சியால் குத்தினோம்.

டாக்டரம்மா அழுக்கைப் பஞ்சில் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். மலாசீசியா என்கிற ஈஸ்ட் வகைக் காளானும், பாக்டீரியா கிருமியும் சேர்ந்து இருந்தன. "நாலு வீட்டு நாய்க்குக் காதுல ஒரே மாதிரி அழுக்கு இருக்கும். ஆனா ஒண்ணுக்குப் பூச்சி, ஒண்ணுக்குக் காளான், ஒண்ணுக்கு பாக்டீரியா, ஒண்ணுக்குத் தோல் அலர்ஜின்னு காரணம் வேற வேறயா இருக்கும். மருந்தும் வேற வேற. கண்ணால பார்த்துச் சொல்ல முடியாதும்மா" என்றார்.

பிறகு காகிதத்தில் ஒரு படம் போட்டுக் காட்டினார். நம் காதுத் துவாரம் ஏறக்குறைய நேராகப் போகிறது. நாயின் காது அப்படி இல்லை. முதலில் கீழே இறங்குகிறது. அப்புறம் திரும்பித் தலைக்குள் போகிறது. ஆங்கில 'எல்' எழுத்து மாதிரி. அந்தத் திருப்பத்துக்கு அப்பால்தான் செவிப்பறை. பழைய கோட்டை வாசல்களில் எதிரி நேராகப் பாய்ந்துவிடக் கூடாது என்று வழியைத் திருப்பிக் கட்டியிருப்பார்களே, அந்த மாதிரி என்று எனக்குப் பட்டது. உள்ளே இருக்கிற செவிப்பறைக்கு அந்தத் திருப்பம் ஒரு காவல். ஆனால் அழுக்கும் ஈரமும் உள்ளே போய்விட்டால் வெளியே வருவதும் கஷ்டம். அதிலும் தொங்குகிற காது, மூடி போட்ட பாத்திரம் மாதிரி. உள்ளே காற்றோட்டம் கிடையாது. நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் காளான் வளர வேறு என்ன வேண்டும்?

கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "வீட்டுல ஏதாவது சொட்டு மருந்து விட்டீங்களா?" நான் பாட்டிலைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். படித்துப் பார்த்தார். அதில் நியோமைசின் என்ற மருந்து சேர்ந்திருந்தது.

"இவனுக்குச் செவிப்பறை கிழிஞ்சிருக்கு. செவிப்பறை முழுசா இருக்கான்னு பார்க்காம இந்த மாதிரி மருந்தை விடக்கூடாதும்மா. கிழிசல் வழியா உள்காதுக்குப் போனா, கேட்கற நரம்பையே கெடுத்துடும். விதையால கெட்டுதா, நோயால கெட்டுதா, மருந்தால கெட்டுதான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. காயம் ஆறட்டும், பார்க்கலாம்" என்றார்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அத்தை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். "நான் எண்ணெய வுட்டேன், நீ மருந்த வுட்டே. ரெண்டு பேரும் நல்லதுன்னு நெனைச்சுத்தானே செஞ்சோம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் ஒரே பக்கத்தில் நின்றோம் என்று சொல்ல வேண்டும்.

மருந்து மாத்திரையாகவும், அவர் பார்த்துக் கொடுத்த சொட்டாகவும் ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது. காயம் ஆறிய பிறகு காதைச் சுத்தம் செய்யும் முறையை எனக்குப் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக் கொடுத்தார். நாய் வளர்க்கிற சகோதரிகளுக்கு உதவும் என்பதால் அதை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில், வாரம் ஒரு நாள் பார்ப்பதும் முகர்வதும். காது மடலைத் தூக்கிப் பாருங்கள். உட்புறம் வெளிர் ரோஜா நிறமாக, வாடையில்லாமல், கொஞ்சம் வெளுத்த மெழுகு மட்டும் இருந்தால் ஆரோக்கியமான காது. அதை ஒன்றும் செய்யாமல் விடுவதே நல்லது. சுத்தம் என்ற பெயரில் ஓயாமல் நோண்டினாலும் தோல் புண்ணாகும்.

கொஞ்சம் அழுக்கு சேர்ந்திருக்கிறது, வலியோ சிவப்போ இல்லை என்றால் வீட்டில் சுத்தம் செய்யலாம். அதற்கென்று நாய்களுக்கான காது சுத்தம் செய்யும் திரவம் கிடைக்கிறது. எது நம் நாய்க்கு ஏற்றது, எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்பதை டாக்டரிடம் ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பிடித்திருந்தால் ஜில்லென்று இருக்காது. ஒருவர் நாயை அணைத்துப் பிடிக்க, மற்றவர் மடலை மேலே தூக்கி, பாட்டில் நுனி காதில் படாமல் திரவத்தைத் தாராளமாக விட வேண்டும். பிறகு காதின் அடிப்பாகத்தை, கன்னத்துக்கு மேலே கட்டியாகக் கையில் படும் இடத்தை, அரை நிமிஷம் மெதுவாகப் பிசைந்து விடுங்கள். 'சளக் சளக்' என்று சத்தம் கேட்கும். அப்புறம் கையை விட்டுவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். நாய் தலையை உதறும். திருப்பத்துக்கு அப்பால் இருக்கிற அழுக்கை அதுவே மேலே கொண்டுவந்துவிடும். (புடவையில் தெறிக்கும், பழைய புடவையாக இருக்கட்டும்!) வெளியே வந்ததை மட்டும் விரலில் சுற்றிய பஞ்சால் துடைத்தால் போதும். விரல் எவ்வளவு தூரம் தானாகப் போகிறதோ அதுதான் எல்லை. பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம்.

சொட்டு மருந்து கொடுத்திருந்தால், முதலில் சுத்தம் செய்து, காது கொஞ்சம் உலர்ந்த பிறகு மருந்து. அழுக்கின் மேல் விடுகிற மருந்து அழுக்கோடுதான் போகும். வாடை போய்விட்டதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்ன நாள் வரை போட்டு, மறுபடி ஒரு தடவை காட்டிவிட்டு நிறுத்துங்கள். ஒரு காதுக்குப் பயன்படுத்திய பஞ்சை மறு காதுக்கு எடுக்கக் கூடாது. முடிந்ததும் ஒரு துண்டு ரொட்டியோ கொஞ்சம் முட்டையோ கொடுத்துத் தட்டிக் கொடுங்கள். அடுத்த வாரம் அதுவே வந்து உட்காரும்.

குளிப்பாட்டும்போது இரண்டு காதிலும் பஞ்சை லேசாக வைத்துவிட்டு, குளிப்பாட்டியதும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். குளத்தில் நீந்துகிற நாயானால் வந்ததும் மடலைத் தூக்கித் துடைத்து விடுங்கள். புல்லில் திரிந்துவிட்டு வந்தால் காது, விரல் இடுக்கு இரண்டையும் தடவிப் பாருங்கள். மடலில் உண்ணி கடித்துக்கொண்டிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்கலாம். சூடு வைப்பதும் மண்ணெண்ணெய் தடவுவதும் கூடாது. காதுக்கு உள்ளே ஆழமாக இருக்கிற உண்ணியை டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

காதுக்குள் எதை விடக்கூடாது என்பது இதைவிட முக்கியம். காய்ச்சிய எண்ணெய், பூண்டு, வெங்காயச் சாறு, எலுமிச்சம்பழச் சாறு, மஞ்சள், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இவை எதுவும் ஆகாது. புழு வைத்துவிட்டது என்று பினாயிலும் பெட்ரோலும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சதையை வேக வைக்கிற வேலை. நம் பிள்ளைகளுக்கோ நமக்கோ எழுதிக் கொடுத்த மருந்து வேண்டவே வேண்டாம். வலிக்கிறதே என்று மனிதர்கள் சாப்பிடும் பாரஸிட்டமால், இபுப்ரோஃபென் மாத்திரைகளைக் கொடுப்பதும் ஆபத்து. நாய்க்கு அவை விஷமாகலாம்.

இன்னும் ஒன்று. சில அறிகுறிகளுக்கு வீட்டு வைத்தியமே கிடையாது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருப்பது, நடையில் தள்ளாட்டம், கண் மணி இங்கும் அங்கும் துடிப்பது, சீழோ ரத்தமோ வருவது, தொட்டால் கத்துவது, புழு, உதறி உதறிக் காது மடல் பூரி மாதிரி உப்பிக்கொள்வது. இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளிலேயே புழுவாகிவிடும். அதே மாதிரி, ஆறி ஆறித் திரும்ப வருகிற காது நோய்க்குப் பின்னால் பெரும்பாலும் அலர்ஜி இருக்கும். அதையும் டாக்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நாய்க் காதைப் பற்றிப் படித்த பிறகு எனக்கு என் பிள்ளைகளின் காது நினைவுக்கு வந்தது. எண்ணெய்க் குளியலன்று குழந்தையின் காதில் இரண்டு சொட்டு எண்ணெய் விடாத வீடு உண்டா? என் பெரியவனுக்குச் சீழ் வந்த வருஷம் நானும் விட்டிருக்கிறேன். அடுத்த முறை குழந்தைகள் டாக்டரிடம் போனபோது கேட்டேன். "எண்ணெய், தாய்ப்பால், குச்சி, ஹேர்பின் எதுவும் வேண்டாம்மா. காது தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கும். வலி, சீழ், காது மந்தம்னா எங்ககிட்ட கொண்டு வாங்க" என்றார். காது மருந்து பாட்டிலைத் திறந்து ஒரு மாதம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும் என்பதும் அப்போது தெரிந்துகொண்டதுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அலமாரியைக் காலி செய்தேன். பாதி பாட்டில்கள் மட்டும் ஏழு இருந்தன!

பத்து நாள் தவணை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பத்தாவது நாள் தேசிங்கு வாலை ஆட்டிக்கொண்டு நன்றாக இருந்தான். பதினோராவது நாள் காலையில் என் வீட்டுக்காரர் கயிற்றை எடுத்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவர் அவனைக் கூட்டிக்கொண்டுபோய் விட்டுப்போன தடுப்பூசியைப் போட்டு வந்தார். வீட்டுக்கு ஒரு சட்டமும் போட்டார்: நாய் தூங்கும்போதும் சாப்பிடும்போதும் குழந்தைகள் கிட்டே போகக் கூடாது, காதையும் வாலையும் இழுக்கக் கூடாது, பெரியவர்கள் இல்லாமல் நாயும் குழந்தையும் தனியாக இருக்கக் கூடாது. சின்னவன் சில நாள் பயந்தான். இப்போது தூரத்தில் நின்று, "தேசிங்கு, காது நோவுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிட்டே போகிறான்.

காது ஆறியது. வாடை போயிற்று. ஆனால் வலது பக்கம் நின்று கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. தட்டைத் தட்டினாலும் திரும்புவதில்லை. டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, "ஒரு காது போதும்மா, அவன் சமாளிச்சுக்குவான்" என்றார்.

சித்திரை மாதம் மாமாவின் தகரப் பெட்டியை ஒழித்தபோது அவருடைய கணக்கு நோட்டு கிடைத்தது. பால் கணக்கு, கரண்டு பில், வேர்க்கடலை மூட்டை விற்ற கணக்கு. நடுவில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையிலும் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'தே. காது பார்த்தேன். சரி.' ஒரு வாரம் விடாமல் இருந்தது. கடைசியாக எழுதியது, அவர் போவதற்கு நாலு நாளுக்கு முந்தின ஞாயிறு. அதற்கப்புறம் வெற்றுத் தாள்.

அத்தை அந்த நோட்டை ரொம்ப நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்கள். "எனக்குக் கண்ணு தெரியலை. நீ எழுதும்மா" என்றார்கள்.

2025-ல் எங்கள் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான் என்று ஊரே பெருமைப்பட்டது. எங்கள் வீட்டிலும் பேப்பரை எடுத்து வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை தேசிங்கை அணைத்துப் பிடித்துக்கொள்ள, நான் மடலைத் தூக்கிப் பார்க்கிறேன். கூப்பிட வேண்டுமென்றால் இருவரும் இடது பக்கமாகப் போய் நின்று கூப்பிடுகிறோம். முடிந்ததும் மாமாவின் நோட்டில் அவர் எழுதிய மாதிரியே ஒரு வரி எழுதுகிறேன்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பாதி பாட்டில் இருக்கும். இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு, முதலில் போய் அதைப் பாருங்கள்.